சுவரைப் பார்த்துக் குடித்த பால்

"பாலக் கலக்கி ஊத்தப் போற. இதுக்கு எதுக்குத்தா எஸ்.எஸ்.எல்.சி.? கை இருந்தாப் போதாதா?"

அம்பலகாரர் இப்படிக் கேட்டபோது நான் அவருடைய வண்டிக் கொட்டகைக்குள் ஒரு பீப்பாயின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூடியைச் சுற்றி ஒரு தகரப் பட்டை இருந்தது. அதை எங்கே பிடித்து இழுத்தால் கழலும் என்று தெரியவில்லை. அவர் கேட்ட நேரம் பார்த்து அது என் நகத்தையும் கீறிவிட்டது.

 விரலை வாயில் வைத்துக்கொண்டே மறு கையால் பட்டையை மறுபடியும் இழுத்தேன்.

அம்பலகாரர் அந்த ஊரின் பெரிய தலை. கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. வரப்புச் சண்டையில் கடைசி வார்த்தையும் அவருடையது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் நிவாரணச் சங்கம் கேட்டதும் வண்டியை வெளியே இழுத்து விட்டுவிட்டுக் கொட்டகையைச் சும்மா கொடுத்தவர். ஆனால் இலவசமாக எதையாவது கொடுத்தவர்களுக்கு இலவசமாகக் கேள்வி கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது.

வல்லத்திராக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடந்தால் அந்த ஊர் வரும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மழையும் அதனோடு சேர்ந்து போய்விட்டது என்று வயதானவர்கள் சொல்வார்கள். கண்மாய்க்குள் ஆடு மேய்ந்த வருஷம் அது.

என் அப்பா இலுப்பூர்ப் பக்கம் கல் உடைத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை முதலில் மிதித்த கால் என்னுடையது. அது எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன். புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்கி, முதல் பஸ்ஸில் ஏறி, கையில் குடையோடு அந்தக் கரையில் நடந்து போவேன். வெயிலுக்காக மட்டும் பிடித்த குடை என்று சொல்ல முடியாது.

மாவாகக் கறக்கும் மாடு

பீப்பாய்க்குள் இருந்தது பால்மாவு. பஞ்சம் வந்த ஊர்களின் சிறு குழந்தைகளுக்காக ஏதோ ஒரு கடல் கடந்த தேசம் அனுப்பியது. வெளியே அச்சடித்திருந்த எழுத்து இங்கிலீஷ்கூட இல்லை. எழுத்துகளுக்கு மேலே புள்ளிகள் வைத்திருந்தார்கள். தமிழில் இருப்பதுபோலவே அவர்களுக்கும் புள்ளி இருக்கிறதே என்று அதைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். யார் அவர்கள்? எங்கள் ஊர்க் குழந்தையின் வயிறு காய்ந்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சங்கத்தில் கேட்டால், "அதெல்லாம் மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்கள்.

கலக்குவதற்குப் படிப்பு வேண்டாம் என்றாரே அம்பலகாரர், முதல் நாள் அவர் கண் முன்னாலேயே அது கட்டி தட்டிப் போய்விட்டது. கொதிக்கிற நீரில் மாவைக் கொட்டினால் சோழிபோல உருண்டுகொள்ளும். வெதுவெதுப்பான நீரில் முதலில் கூழாகக் குழைத்து, பிறகுதான் அண்டாவில் விட்டு மத்தால் கடைய வேண்டும். காய்ந்த துணியை அடுப்பருகில் வைத்தால் வருமே, அப்படி ஒரு வாசனை எழும்பும். அது பால் வாசனை என்று ஒப்புக்கொள்ள ஊருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

"எலும்ப அரச்ச மாவாம்ல?" என்று ஒருத்தி கேட்டாள். "குடிச்சா நம்ம சாமிய மறந்துருமாமே?" என்றாள் இன்னொருத்தி. இதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஒரு சின்னப் பெண் மட்டும் அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்த ஊரு மாடு மாவாவா கறக்கும்?" என்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன விளக்கத்தை அவள் நம்பவில்லை. மாவாகக் கறக்கும் மாடுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

சங்கத்தின் விதி ஒன்றே ஒன்றுதான். பாலை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. குழந்தை என் கண் முன்னால், கொட்டகையிலேயே குடிக்க வேண்டும்.

காரணம் இருந்தது. வேறு ஓர் ஊரில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாவு நேரே டீக்கடைக்குப் போயிருக்கிறது. டீக்கடைக்குப் போகாத வீட்டில் மாப்பிள்ளை வந்திருப்பார், மாமனார் இருமுவார், குழந்தைக்குத் தம்ளரின் அடியில் ஒட்டியதுதான் மிஞ்சும். நல்ல விதிதான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

உப்பிய கன்னங்கள்

பிள்ளைகள் வந்தார்கள். வீட்டிலிருந்து அலுமினியத் தம்ளரோ கொட்டாங்கச்சியோ கொண்டுவருவார்கள். ஊற்றுவேன். ஆனால் வந்தவர்கள் எல்லாம் ஓடியாடுகிற வயசுப் பிள்ளைகள். இடுப்புக் குழந்தைகளை, தத்தி நடக்கிற குழந்தைகளை யாரும் கொண்டுவரவில்லை. பால் வந்ததே அவர்களுக்காகத்தான்.

வந்த பிள்ளைகளும் ஒரு விசித்திரம் செய்தார்கள். ஒரு வாய் பாலை உறிஞ்சுவார்கள். கன்னம் இரண்டும் உப்பும். விழுங்க மாட்டார்கள். அப்படியே தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வைக்கோல் போருக்கு ஓடுவார்கள். திரும்பி வந்து இன்னொரு வாய். மறுபடியும் ஓட்டம்.

துப்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மனசு கசந்தது. கடல் தாண்டி வந்த பால் வைக்கோலுக்கா?

ஒரு காலை அவர்களுக்குத் தெரியாமல் பின்னால் போய்ப் பார்த்தேன். மண் காய்ந்து கிடந்தது. ஒரு வெள்ளைச் சொட்டு இல்லை. ஈ இல்லை. பால் சிந்திய இடத்தில் ஈ இல்லாமல் இருக்குமா? ஆக, பிள்ளைகள் துப்பவில்லை. போருக்குப் பின்னால் போய் விழுங்குகிறார்கள்.

ஏன் அங்கே போய்?

கசப்பு போய்விட்டது. அதன் இடத்தில் ஓர் அரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்குப் பாடத்தில் விடை தெரிந்து வழி தெரியாதபோது வருமே, அந்த அரிப்பு.

இந்தச் சமயத்தில்தான் சங்கத்து மேற்பார்வையாளர் தேவகி அம்மாள் ஜீப்பில் வந்தார். வெள்ளைப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். கொட்டகையைப் பார்த்தார். இடுப்புக் குழந்தை ஒன்றுகூட இல்லை.

"சாதிப் பிரச்சினையா?" என்றார் முதல் கேள்வியாக.

நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். தெற்குத் தெருப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவை என்று தொடக்கத்தில் சிலர் சொன்னதும், ஒரே வரிசைதான் என்று நான் பிடிவாதமாக நின்றதும் உண்டு. ஆனால் இது அது இல்லை. வைக்கோல் போருக்கு இரண்டு தெருப் பிள்ளைகளும் ஓடினார்கள். தெற்குத் தெருவிலும் தத்தி நடக்கிற குழந்தை எதுவும் வரவில்லை.

"வேற ஏதோ இருக்குங்கம்மா. கண்டுபிடிச்சிருவேன்."

அவரோடு ஜீப் வரைக்கும் நடந்தேன். சாலையோரத்தில் அழகம்மாள் நின்றிருந்தாள். வடக்குத் தெருக்காரி. தோளில் தொட்டில் துணியில் கைக்குழந்தை, இடுப்பில் மூத்தவள் ராக்கு. ராக்குவுக்கு நடக்கிற வயசு, ஆனால் நடக்கவில்லை. முடி செம்பட்டை பாய்ந்திருந்தது. வயிறு முன்னால் தள்ளியிருக்க, கால் குச்சியாக, பாதம் மட்டும் வீங்கியிருந்தது. தங்கை பிறந்ததும் தாய்ப்பால் நின்று சவலை பாய்ந்த குழந்தை. அதனிடம் ஒன்று என்னைப் பயமுறுத்தியது. அது அழாது. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அழாது.

தேவகி அம்மாள் ராக்குவையே பார்த்துக்கொண்டு நின்றார். அழகம்மாள் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பாக்கியம், அந்தப் பீப்பாய் இந்தக் குழந்தைக்குத்தான் வந்திருக்கு" என்றார் என்னிடம். "அடுத்த முறை நான் வரும்போது இந்த மாதிரிக் குழந்தைகள் கொட்டகையில் குடிச்சிட்டிருக்கணும். இல்லேன்னா மையத்தை வேறு ஊருக்கு மாத்திடுவேன். கேட்கிற ஊர் நிறைய இருக்கு."

ஜீப் போய்விட்டது. என் கண் ஜீப்பின் மேல் இல்லை. அழகம்மாள் இழுத்து மூடிய அந்த முந்தானையின் மேல் இருந்தது.

விடுதியில் ஒரு மத்தியானம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்காகப் புதுக்கோட்டை விடுதியில் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் கூடத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பசி இல்லாமலா? அன்று காலையில் வீட்டில் குடித்த கஞ்சியோடு பஸ் ஏறியவள் நான். ஆனால் எதிரே ஒரு வரிசைக் கண்கள்.

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அம்மா கதவை ஒருக்களித்து வைப்பாள். தம்பிக்குப் பால் கொடுப்பதென்றால் மூலையில் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். யாராவது உள்ளே வந்துவிட்டால் கிண்ணம் முந்தானைக்குள் போய்விடும். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அன்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று நான் துடிக்க, அவளோ மிளகாயையும் உப்பையும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, "நாலு நாளைக்கு வெளிய வராத, கண்ணு பட்டுரும்" என்று உள்ளே உட்காரவைத்தாள். பெருமையை அடக்கிக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

விடுதியில் அன்று தட்டைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். மளமளவென்று இறங்கியது. வார்டன் அம்மாள், "கோபமா? யார் மேலே கோபம்?" என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. சில நாளில் பழகிவிட்டது. பழகியதும் மறந்தும் போனது.

ஜீப் போன அன்று கண்மாய்க் கரையில் குடையை விரிக்காமலே நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சுவர் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. காரை பெயர்ந்து, மான் தலைபோல ஓர் இடம்கூட இருக்கும் அதில்.

பிள்ளைகள் வாயில் ஒதுக்கிக்கொண்டு ஓடுவார்கள். தத்தி நடக்கிற குழந்தையால் வாயில் பாலோடு ஓட முடியுமா? அதனால்தான் அவர்களைக் கொண்டுவரவே இல்லை. வழி கிடைத்துவிட்டது.

அழகம்மாள் வீட்டில்

மறுநாள் கொட்டகையைப் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சத்தில் விளைந்த கடலை, பாதி பொக்கு.

"வாங்க டீச்சர். ஒக்காருங்க. புள்ளயப் பாக்காதீங்க, தூங்குது."

பார்க்காமலே உட்கார்ந்தேன்.

"நாலு கண்ணு பாக்க எப்புடிங்க பாலு குடுக்குறது?" என்று அவளே ஆரம்பித்தாள். "நல்லாருக்குற புள்ளக்கே ஆகாது. இது ஏற்கனவே சவல. இன்னும் கண்ணு பட்டாத் தாங்குமா?"

"மத்தவங்க பாக்காம இருந்தா?"

"நீங்க பாப்பீகள்ல? பாக்கணும்னுதானே ஒங்க சங்கத்துல ஒங்களுக்குச் சம்பளம்." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவுகதான். ஆனா ஒங்க கண்ணும் கண்ணுதானே டீச்சர்."

சுருக்கென்றது. படித்த கண்ணுக்கு விலக்கு உண்டு என்று எங்கோ உள்ளே நினைத்திருப்பேன்போல.

பூகோளம் படித்தவள், விஞ்ஞானம் படித்தவள். கண் படுவதெல்லாம் ஒன்றுமில்லை என்று அங்கே உட்கார்ந்து பிரசங்கம் செய்திருக்கலாம். செய்தால் அவள் தலையாட்டியிருப்பாள். ராக்கு வீட்டிலேயே இருந்திருப்பாள்.

"அழகம்மா, நானும் திரும்பி நின்னுக்கிறேன். நீ சுவத்தப் பாத்து ஒக்காந்து குடு. குடிச்சு முடிச்சதும் காலித் தம்ளர மட்டும் எங்கிட்டக் காட்டு. போதுமா?"

அவள் கடலை உரிப்பதை நிறுத்தினாள்.

"காலித் தம்ளரப் பாத்தாக் கண்ணு படாதா?" என்று நானே கேட்டு வைத்தேன்.

"காலியா இருக்குறதப் பாத்து யாருங்க பொறாமப்படப் போறா?" என்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஜீப் வந்த காலை

அடுத்த நாளிலிருந்து கொட்டகையில் எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மூன்று பக்கமும் சுவர், வரிசைக்குப் பஞ்சமில்லை. அம்மாக்கள் இடுப்புக் குழந்தைகளோடு வர ஆரம்பித்தார்கள். முதலில் அழகம்மாள், பிறகு அவள் நாத்தனார், பிறகு தெற்குத் தெருவிலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கி. நான் ஊற்றிவிட்டு வாசலில் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லாரும் சுவரைப் பார்த்த பிறகு பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. வைக்கோல் போர் அநாதையாகிவிட்டது.

தேவகி அம்மாள் சொல்லாமல் வந்தார்.

நான் தெருவைப் பார்த்து நின்றதால் ஜீப்பை முதலில் பார்த்தது நான்தான். ஆனால் எதுவும் சொல்வதற்கு முன் அவர் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

"என்ன இது?" குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. "குழந்தைகளைச் சுவரைப் பார்த்து உட்காரவச்சிருக்கே? என்ன தப்புப் பண்ணினாங்க? இது நிவாரண மையமா, தண்டனைக் கூடமா?"

பால் குடிக்கும் ஓசை நின்றது. இரண்டு மூன்று கன்னங்கள் பழையபடி உப்பின. அழகம்மாள் ராக்குவை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். தம்ளரில் பாதிக்கு மேல் பால் இருந்தது. ஒருத்தி எழுந்தால் எல்லாரும் எழுவார்கள். எழுந்தால் திரும்ப வர மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"அம்மா, நீங்களும் திரும்பிக்குங்க" என்றேன்.

"என்ன?"

"தயவுசெஞ்சு. என் பக்கத்துல வந்து தெருவப் பாத்து நில்லுங்க. விளக்கமெல்லாம் அப்புறம் சொல்றேன்."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். என் கை அவர் முழங்கையைத் தொட்டிருந்தது. எப்படித் தொட்டேன் என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடப் பெண்ணைப்போல, திரும்பி என் பக்கத்தில் வந்து நின்றார்.

தெருவில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். முதுகுக்குப் பின்னால் சேலை சரசரத்தது. யாரோ மறுபடியும் உட்கார்ந்தார்கள்.  பிறகு மடக், மடக் என்று ஓர் ஓசை. அதையொட்டி இன்னொன்று. மழை பிடிப்பதுபோல மூலைக்கு மூலை கிளம்பியது.

நான் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கோல் போரை, உப்பிய கன்னங்களை, காலித் தம்ளரை.  முடித்ததும் அவர், "அறிக்கையில் என்னத்தைப் பார்த்தேன்னு நான் எழுதறது?" என்றார்.

"கேட்டேன்னு எழுதுங்கம்மா."

அவர் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு தம்ளர் தரையில் மோதியது. தொடர்ந்து வீறிட்டு ஓர் அழுகை. கோபமான, நெஞ்சு நிறைந்த அழுகை.

"அடியே, தீந்து போச்சுடி! நாளைக்குத்தான்!" என்று அழகம்மாள் சமாதானப்படுத்துவது கேட்டது.

தேவகி அம்மாளின் கழுத்து திரும்ப முயன்றது. தானாகவே நின்றது.

"அந்தச் சாலையோரக் குழந்தையா?"

"ஆமாங்க. ராக்கு."

"அழறாளா?"

"இன்னும் வேணுமாம்."

அவர் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சங்கத்துக் கமிட்டியில இதை ஒத்துக்க மாட்டாங்க. நாங்களே வந்து பார்க்கணும்னு நிப்பாங்க. எனக்கே நேரில் வந்ததாலதான் புரிஞ்சுது" என்றார்.

பெஞ்சு

அவர் சொன்னபடியேதான் நடந்தது. கமிட்டிக்காரர்கள் புதுக்கோட்டையிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. பார்த்துவிட்டுத்தான் மையம் இங்கேயே இருப்பதா, போவதா என்று முடிவு.

எத்தனை ஜோடிக் கண்கள்! அழகம்மாளிடம் சொன்னபோது அவள் முகம் விழுந்துவிட்டது. "அன்னிக்கு மட்டும் நான் வரலங்க" என்றாள். அன்றைக்கு இடுப்புக் குழந்தைகள் இல்லையென்றால் மறுநாளிலிருந்து பாலே இல்லை.  "நீ வா, நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது அம்பலகாரர் தன் வீட்டுத் தேக்குப் பெஞ்சைக் கொட்டகையின் நட்டநடுவில் போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார். பெரிய மனிதர்கள் உட்கார்ந்து குழந்தைகள் குடிப்பதை வசதியாகப் பார்க்கலாம். கையில் ரோஜா மாலை வேறு.

நான் ஜமுக்காளத்தைச் சுருட்டினேன்.

"என்னத்தா செய்யிற?"

"பெஞ்ச வெளிய போடணும்ங்க. வேப்பமரத்தடியில. ரோட்டப் பாத்து."

"விருந்தாளிய வெளிய ஒக்காரவச்சு ரோட்டப் பாருன்னா அது என்ன மரியாத? அவுக பாக்கத்தான வாராக?"

"பாக்க வந்தா ஒண்ணும் கெடைக்காதுங்க. ஒக்காந்து கேட்டா எல்லாம் கெடைக்கும்."

அவர் மாலையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதத்தான் எஸ்.எஸ்.எல்.சி.யில சொல்லிக் குடுத்தாகளா?"

கண்மாய்க் கரையில் புழுதி கிளம்பிவிட்டது. வடக்குத் தெரு முனையில் அழகம்மாள் ராக்குவை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரலாமா போகலாமா என்று நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கிட்டுக் கொஞ்சம் பிடிங்க" என்றேன். பெஞ்சின் இந்த முனையை நான் ஏற்கெனவே தூக்கியிருந்தேன்.